தலைக்கு மேலே ஒரு கல்

டைனோசர்கள் அழிந்ததற்கு ஒரே காரணம், அவற்றுக்கு எங்களைப் போல் ஓர் அலுவலகம் இல்லாததுதான். விண்கற்களைத் திசைதிருப்பும் திருப்பணிக்கென்றே நிறுவப்பட்டது எங்கள் இயக்ககம். அங்கே நான் பத்திரிகைகளுக்குச் செய்திக்குறிப்பு எழுதுகிறவன். அதாவது, பூமியைக் காப்பாற்றுகிறவர்களில் நானும் ஒருவன்.

சோதனைக்காக, யார் வம்புதும்புக்கும் போகாமல் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து, அதன் மண்டையில் மோத விண்கலம் அனுப்பியிருந்தோம். மோதும் நாளில் அலுவலகமே திரையின் முன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்த நேரம் பார்த்துத் தட்டச்சு அக்கா எழுந்தார்.

"சார், என் தலைக்கு மேல கூரைக் காரை பேந்து தொங்குது. எப்ப விழும்னே தெரியல."

இயக்குநர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதுதான் 'தொலைநோக்கு'.

"விட்டம் எவ்வளவு?"

"விட்டம் நல்லாத்தான் சார் இருக்கு. காரைதான் பேந்துடுச்சு."

"குறுக்களவு கேட்டேம்மா."

"ஒரு முறம் அளவு இருக்கும்."

"நூறு மீட்டருக்குக் குறைஞ்சா நம்ம வரம்புல வராது. கட்டடப் பிரிவுல சொல்லு."

"சொன்னேன் சார். மேலேருந்து விழறதெல்லாம் உங்க துறைதானேங்கறாங்க."

இதில் நியாயம் இருக்கத்தான் செய்தது.

"நாற்காலியையாவது தள்ளிப் போட்டுக்கறேனே சார்."

"அதுக்குக் குழு கூடி முடிவெடுக்கணும். கல்லை நகத்தற நேரத்துல நாற்காலியை நகத்தாதம்மா. உக்காரு."

அக்கா தடித்த கோப்பு ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

விண்கலம் மோதியது. கல் மயிரிழை விலகியது! நாங்கள் கைதட்டினோம், குதித்தோம், மேசைமேல் ஏறி ஆடினோம். கட்டடமே மகிழ்ச்சியில் குலுங்கியது. காரையும் தன் பங்குக்கு இறங்கி வந்தது. இலக்கு கொஞ்சமும் பிசகவில்லை.

அக்காவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு இயக்குநரிடம் கேட்டேன்: "காரை விழுந்ததை எழுதணுமா சார்?"

"எழுதாம? 'மோதலின் அதிர்வு நம் அலுவலகம் வரை உணரப்பட்டது'ன்னு போடுய்யா!"

போட்டேன். மறுநாள் நாளிதழ்கள் என் குறிப்பை எழுத்து மாறாமல் வெளியிட்டன. பெருமையோடு ஒன்றை எடுத்துக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போனேன். நெற்றியெல்லாம் கட்டு. ஒற்றைக் கண்ணால் கடைசி வரிவரை படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"'பூமியில் எவருக்கும் காயமில்லை'ன்னு எழுதியிருக்கியே தம்பி. அப்ப நான் எந்தக் கிரகத்துலப்பா உக்காந்திருந்தேன்?"