எட்டு விளக்குப் பலகை

மாலை மணி நாலேகால். பலகையில் ஒரு விளக்கும் எரியவில்லை.

"அத்தான், இது உயிரோடதான் இருக்கா?" என்றான் மைத்துனன்.

"வாயை மூடிக்கிட்டு டார்ச்சைப் பிடி மாப்ள. உங்க அக்கா ஆறு மணிக்கு வந்துடுவா."

ரேடியோக்காரர் பழைய கடைப் பலகையைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்துப் போட்டிருந்தார். இப்போது அவர் கடையில் ரேடியோ கிடையாது, எல்லாம் இன்வெர்ட்டர்தான். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

போன வருடம் கல்யாண நாளை மறந்துவிட்டார். மனைவி சண்டை போடவில்லை. "உங்களுக்கு எதுதான் ஞாபகம் இருந்திருக்கு?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இன்று இருபத்தைந்தாவது கல்யாண நாள். ஞாபகம் இருக்கிறது என்று காட்டியே ஆகவேண்டும்.

அந்தக் காலத்தில் இந்தப் பலகை கடை வாசலில் தொங்கியது. கீழே வரிசையாக எட்டு சிவப்பு எல்.இ.டி. இடது ஓரத்தில் கிளம்பும் வெளிச்சம் ஒவ்வொரு விளக்காகத் தாவி வலது ஓரத்தில் மறையும். மறுபடி இடது ஓரத்தில் முளைக்கும். எல்லாம் அவர் கைவேலை.

ஒருநாள் கடைக்கு எதிர்வீட்டுப் பெண் தெருவைக் கடந்து வந்து நின்றாள். கையில் மூடி போடாத பேனா. பலகையை அண்ணாந்து பார்த்து, "இந்த லைட்டு..." என்று ஆரம்பித்தாள்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஷிஃப்ட் ரெஜிஸ்டர் என்று ஒரு சில்லு, துடிப்புக்கு ஒரு தடவை வெளிச்சத்தை அடுத்த விளக்குக்குத் தள்ளிவிடும் என்று ஆரம்பித்து, கடை சாத்தும்வரை விளக்கினார். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருக்க, பற்றவைக்கும் ஈயப் புகைகூட அவருக்கு மணந்தது.

கல்யாணமான கையோடு பலகையைக் கழற்றித் துணியில் சுற்றிப் பரணில் வைத்தவளும் அவள்தான். வெயிலில் கெட்டுவிடுமாம். அவ்வளவு பத்திரம்.

இப்போது சில்லு செத்திருந்தது. புதியதைச் செருகினார். மங்கிப்போன விளக்குகளுக்குப் பதில் புது ரகத்தில் எட்டு வைத்தார். சுவிட்சைப் போட்டார். மூன்று வெளிச்சங்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின.

"நீங்க, அக்கா... யாரு அத்தான் அந்த மூணாவது ஆளு?"

"கரண்ட் வர்றப்போ சில்லுக்குள்ள கண்டது கிடக்கும். துடைச்சு விட்டா சரியாயிடும்."

துடைத்துவிட ஒரு கெப்பாசிட்டர் சேர்த்தார். சில்லு தன்னைச் சுத்தமாகத் துடைத்துக்கொண்டது. எட்டும் இருட்டு. கடைசி விளக்கிலிருந்து போவதுதான் முதல் விளக்குக்குத் திரும்பி வரும். போனால்தானே வரும்?

"மூணு பேராவது இருந்தாங்க," என்றான் மைத்துனன்.

வெளிச்சத்தை உள்ளே ஊட்ட ஒரு பொத்தான் வைத்தார். மைத்துனன் அழுத்தினான். எட்டும் எரிந்து, எரிந்தபடியே நின்றன.

"எடுடா கையை!"

"எடுத்துட்டேனே!"

"அதுக்குள்ள எட்டும் ரொம்பிடுச்சு. ஓட்டம் ஜாஸ்தி."

ஓட்டத்தைக் குறைக்கப் பெரிய கெப்பாசிட்டராகப் போட்டார். இப்போது ஒரே வெளிச்சம். ஆனால் அது அடுத்த விளக்குக்கு நகர்வதற்குள் மைத்துனன் ஒரு டம்ளர் டீயைக் குடித்து முடித்தான்.

"அவசரமே இல்ல அத்தான். அம்பதாவது கல்யாண நாளுக்குள்ள அந்தக் கோடிக்குப் போயிடும்."

பழைய ரேடியோ ஒன்றின் வால்யூம் குமிழைத் தேடியெடுத்துப் பற்றவைத்தார். மெல்லத் திருப்பினார். வெளிச்சம் நடந்தது. நடை ஓட்டமானது. ஓரிடத்தில் கையை எடுத்தார்.

"இதுதான் மாப்ள. இதே வேகம்தான்."

அந்தக் கடை, அந்த ஸ்டூல், பேனா மை பட்ட அந்த விரல்கள். அவருக்கு மூக்கு அடைத்துக்கொண்டது.

பலகையை ஜன்னலில் சாய்த்து நிறுத்தினார்கள். புது விளக்குகள் தெருவையே சிவப்பாக்கின. எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது.

மனைவி வந்தாள். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். வெளிச்சம் அவள் முகத்தில் ஓடி ஓடித் திரும்பியது.

"ஞாபகம் இருக்கா?" என்றார்.

"மறக்க முடியுமா?" என்றாள். கண்ணைக் கசக்கிக்கொண்டே உள்ளே போனாள்.

"பார்த்தியா மாப்ள? அழுதுட்டா."

மைத்துனன் மூடியிருந்த எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தான். அவரைப் பார்த்தான்.

"அத்தான், பரீட்சைக்குப் படிக்க விடமாட்டேங்குது, அந்த லைட்டை அணைக்கச் சொல்லிட்டு வான்னுதானே எங்கப்பா அக்காவைத் தினமும் கடைக்கு அனுப்பினார், நீங்க எங்கே அவளைப் பேச விட்டீங்க?"