விண்ணப்பம் அண்ணாச்சியும் மாறுகிற துணைவேந்தர்களும்

பல்கலைக்கழகத்துக்குப் புதுத் துணைவேந்தர் வந்தால், அவர் நாற்காலியில் உட்காருவதற்குள் அவர் மனசுக்குள் போய் உட்கார்ந்துவிடுகிற ஒருவர் தென்காசியில் உண்டு. விண்ணப்பம் அண்ணாச்சி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்.

ஊர்ப் பிள்ளைகளின் விண்ணப்பமெல்லாம் அவர் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகும். மார்க் ஷீட்டை அவர் முதலில் கேட்கமாட்டார். பேப்பரில் வெட்டி வைத்த துணைவேந்தரின் பேட்டியைத்தான் எடுப்பார். 'ஏன் படிக்க விரும்புகிறீர்கள்?' என்ற கட்டத்தை அதைப் பார்த்துத்தான் நிரப்புவார்.

ஒரு துணைவேந்தர், கிராமத்துப் பிள்ளைகள் நிறைய வரவேண்டும் என்றார். உடனே டவுனில் பிறந்து வளர்ந்த பையன்களெல்லாம் அண்ணாச்சி எழுதிய விண்ணப்பத்தில் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள். அடுத்தவர், எண்ணிக்கை வேண்டாம், ஆராய்ச்சிதான் வேண்டும் என்றார். சைக்கிளுக்குக் காற்றடிக்கத் தெரியாதவனும் விஞ்ஞானி ஆனான். அதற்கும் அடுத்தவர் தொழில் தொடங்குகிற பிள்ளைகளைத் தேடினார்.

அந்த வருஷம்தான் என் மகள் செல்வி எம்.எஸ்ஸி. இயற்பியலுக்கு விண்ணப்பித்தாள். நான் பத்தாவதோடு நின்றவன். எங்கள் வீட்டில் முதல் பட்டமே அவளுடையதுதான். இடம் கிடைக்காவிட்டால் கல்யாணம்தான் என்று என் மாமனார் வீட்டில் ஒற்றைக்காலில் நின்றார்கள்.

'குற்றாலச் சாரலை அளக்கும் கருவி செய்து விற்பேன்' என்று அண்ணாச்சி எழுதினார்.

"அத எப்படிச் செய்ய அண்ணாச்சி?" என்றாள் செல்வி.

"நேர்முகத் தேர்வுல துணைவேந்தர் அதெல்லாம் கேக்கமாட்டாரு. 'ஏற்றுமதி'ன்னு மட்டும் அழுத்திச் சொல்லு."

நேர்முகத் தேர்வுக்கு முந்தின நாள் அண்ணாச்சியிடமிருந்து போன் வந்தது. "தம்பி, குடி முழுகிப் போச்சு! மகளக் கூட்டிட்டு ஓடியாங்க!"

கடைக்கு ஓடினோம். துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்துவிட்டதாம். புதியவர் வரும்வரை மூன்று பேர் கொண்ட குழுதான் நேர்முகத் தேர்வையும் நடத்துமாம்.

"ஒத்த ஆளுன்னா மனசு தெரியும். இவங்க மூணு பேருல ஒருத்தர்கூடப் பேட்டி குடுக்கலியே! எந்த நோக்கத்துக்குன்னு நான் சொல்லிக்குடுக்க?"

நான் மனசுக்குள் முருகனைக் கூப்பிட்டேன். அண்ணாச்சி ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இத்தனை வருஷத்தில் யாரிடமும் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"ஏட்டி, நீ நெசமாவே எதுக்குப் படிக்கே?"

"ஐந்தருவில அஞ்சு கிளையிலயும் தண்ணி ஒண்ணுபோல விழலல்லா? மேல ஒரே தண்ணிதான வருது? எப்படிப் பிரியுதுன்னு சார்ட்ட கேட்டேன். பாடத்துல இல்லன்னுட்டாரு."

"நானும் நாப்பது வருஷமா அங்கன குளிக்கேன். ஆமால்லா... ஏன்ட்டி அப்படி?"

"தெரியாது அண்ணாச்சி. அதான் படிக்கணும்."

"அப்ப அதையே சொல்லு. தெரிஞ்சதும் மொதல்ல எனக்கு வந்து சொல்லணும்."

"சாரல் மெஷின் எங்கன்னு கேட்டா?"

"அண்ணாச்சி எழுதினதுன்னு என்னைக் காட்டிக் குடுத்துரு. நான் வாசல்லதான் நிப்பேன்."

மறுநாள் சொன்னபடியே கடையைப் பூட்டிவிட்டு எங்களோடு பஸ் ஏறினார். உள்ளே போன செல்வி அரைமணி நேரம் கழித்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"அருவி ஏன் அப்படி விழுதுன்னு மூணு பேரும் அவங்களுக்குள்ளயே சண்ட போட்டாங்கப்பா. மெஷின யாருமே கேக்கல!"

இடம் கிடைத்த அன்று கோயிலில் செல்வி பேருக்கு அர்ச்சனை செய்தேன். அண்ணாச்சிக்கும் ஒன்று செய்யச் சொன்னேன்.

"பேரு, நட்சத்திரம்?" என்றார் குருக்கள்.

அப்போதுதான் உறைத்தது, இரண்டுமே எனக்குத் தெரியாது.

"விண்ணப்பம் அண்ணாச்சின்னு சொல்லுங்க சாமி," என்றேன். "உள்ள இருக்கவருக்கு ஆளத் தெரியும்."