பலகைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவன்

மதிப்பிற்குரிய மூத்த மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் நலம். உங்கள் நலத்தைத் தனியாக விசாரிக்கத் தேவையில்லை. உணவகத்தின் பின்வாசலிலிருந்து வரும் உங்கள் சிரிப்பே அதைத் தினமும் மதியம் எனக்குத் தெரிவித்துவிடுகிறது.

தினமும் பார்த்துக்கொள்கிற ஆளுக்கு எதற்குக் கடிதம் என்பீர்கள். பார்த்துக்கொள்கிறோம், பேசிக்கொள்வதில்லை. நம் அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் அந்த உணவகத்தில் நீங்கள், வக்கீல், ஆடிட்டர் மூவரும் ஊதித் தள்ள, நடுவில் உட்கார்ந்து இத்தனை வருடம் சாப்பிட்டவன் நான். உங்கள் புகைமீது எனக்குள்ள கோபம் அதைவிடப் பழையது. என் கல்யாண போட்டோவில் என் முகத்தில் பாதியை மறைத்திருப்பது உங்கள் சிகரெட் புகைதான். பார்க்கிறவர்கள் இன்றும் மாப்பிள்ளை யார் என்று கேட்கிறார்கள். ஆகவே உணவக முதலாளியை நச்சரித்து, உள்ளே புகைபிடிக்கக் கூடாது என்று பலகை மாட்டவைத்தேன். வக்கீல் தனிமனித சுதந்திரம் என்று முழங்கினார். ஆடிட்டர் வேறு கடைக்குப் போவதாக மிரட்டினார். நீங்கள் மட்டும், "மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்து பின்வாசலுக்குப் போனீர்கள். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பலகையை முதலாளி சரியாக என் தலைக்கு மேல் மாட்டினார். வேறு சுவரில் ஆணி இறங்கவில்லையாம். அன்றிலிருந்து புதிதாக வருகிறவர்கள் என்னை யாரோ அதிகாரி என்று நினைத்து, கையிலிருப்பதை அவசரமாக அணைத்துவிட்டு வணக்கம் வைக்கிறார்கள். எங்கே போய்ப் பிடிக்கலாம் என்று சிலர் பணிவாகக் கேட்க, எச்சில் கையோடு நானே பின்வாசலுக்கு வழிகாட்டுகிறேன். சாப்பிட்டு முடித்ததும் நீங்கள் மூவரும் பின்வாசலுக்குக் கிளம்பிவிடுகிறீர்கள், உங்கள் பின்னாலேயே பரிமாறுகிறவர் மூன்று நாற்காலிகளையும் தூக்கிக்கொண்டு போகிறார், நான் பெரிய மேசையில் தன்னந்தனியாக, பரீட்சையில் காப்பியடித்துப் பிடிபட்டவனைத் தனியே உட்காரவைத்த மாதிரி டீ குடிக்கிறேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்தேன். உங்கள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான செய்தியைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே எனக்குச் சொன்னவர் பரிமாறுகிறவர். வீட்டில் உங்கள் தங்கையைக் கேட்டால், அண்ணனோடுதானே தினம் சாப்பிடுறீங்க, தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன் என்கிறாள். மறுநாள் உங்களையே கேட்டேன். நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா?

"ஒரு வாரமா அதைத்தானே பேசிட்டிருக்கோம் மாப்பிள்ளை. நீங்க அங்க இல்லையா?"

நான் இல்லாததைக்கூட நீங்கள் கவனிக்கவில்லை.

நிறைய யோசித்துப் பார்த்தேன். பலகையில் தவறில்லை. பரிமாறுகிறவரின் இருமல் நின்றிருக்கிறது. கைக்குழந்தையோடு வருகிறார்கள். அன்று முழங்கிய வக்கீலே இப்போது உள்ளே யாராவது பற்றவைத்தால் முகம் சுளிக்கிறார். கேட்டது அப்படியே கிடைத்துவிட்டதால் எனக்குக் கோபித்துக்கொள்ளவும் ஆளில்லை. புகை வெளியே போகும்போது பேச்சையும் கூட்டிக்கொண்டு போய்விடும் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

ஆகவே, பின்வாசலிலும் புகைபிடிக்கத் தடை கோரி முதலாளிக்கு ஒரு மனு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டும். மறுத்தால் கல்யாணத்துக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம்.

மணமக்கள் எல்லா நலமும் பெற்று வாழட்டும். வக்கீலுக்கும் ஆடிட்டருக்கும் என் மனத்தாங்கலைத் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
போட்டோவில் பாதி முகத்தோடு இருக்கும் உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: மனுவைக் கிழித்துவிடுங்கள். நாளை மதியம் பின்வாசலுக்கு நாலாவது நாற்காலியையும் எடுத்துவரச் சொல்லுங்கள். நான் பிடிக்கப்போவதில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துப் போடவும், மறந்துவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் மகள் கல்யாண போட்டோவில் உங்கள் பக்கத்திலேயே நிற்கிறேன். முகம் தெரியாவிட்டால் போகட்டும்.