எத்தனை சுடலைமுத்துதான்யா இந்தத் தாராவியில

எம் மவளோட நிச்சயதார்த்த ஜாக்கெட்டை வாங்கிட்டுப் போன சுடலைமுத்து அவர்களே, பைக்குள்ள என்ன கலர்னுகூடப் பாக்க மாட்டீரா?

இன்னிக்கு எனக்கு ஒரே வேலை. டெய்லர் கடையில அந்த ஜாக்கெட்டை வாங்கிட்டு வரணும். சாயங்காலம் செம்பூர்லருந்து மாப்பிள்ளை வீட்டார் வாராங்க.

துணி குடுத்தன்னிக்கே டெய்லர் சீட்டு நீட்டினாரு. நான் வாங்கல. பழைய தகர டப்பா பேரம் பேசியே வீடு கட்டினவன், எனக்கே சீட்டா?

"புதுசா வாறவனுக்குக் குடும். சுடலைமுத்துன்னா இந்த ஏரியாவே வழி சொல்லும்"னு கத்திட்டு வந்தேன்.

இன்னிக்குப் பேரைச் சொன்னேன். ஒரு பையைக் குடுத்தாரு. வீட்ல எம்பொஞ்சாதி பிரிச்சா. வாடாமல்லி கலர்ல குடுத்தது பச்சையா இருக்கு. உள்ள எங்க குடும்பமே குடியிருக்கலாம். மவ அழ ஆரம்பிச்சுட்டா.

திரும்ப ஓடிப்போயி சண்டை போட்டேன். டெய்லர் மிஷின் மிதிக்கிறதைக்கூட நிறுத்தல.

"டென்சன் மத் லோ, டென்சன் ஆகாதீங்க அண்ணாச்சி. காலையில ஒரு சுடலைமுத்து வந்து வேற பை வாங்கிட்டுப் போனாரு. அவருக்கும் சீட்டு வேண்டாமாம். அவரும் உங்களை மாதிரிதான் கத்தினாரு."

சரின்னு சந்துல நின்னு என் பேரையே நான் சத்தமாக் கூப்பிட்டேன்.

குளிச்சிட்டிருந்தவரு துண்டோட எட்டிப் பாத்தாரு. ஒரு ஆட்டோக்காரரு, "நான்தான், என்னவே"ன்னு வந்தாரு. ஒரு கைக்குழந்தையைக்கூடத் தூக்கிட்டு வந்து காட்டினாங்க. எல்லாருக்கும் ஒரே குலசாமி, எல்லாத் தாத்தாவுக்கும் அதே பேரு, தாத்தா பேருதான் பேரனுக்கு. ஜாக்கெட் மட்டும் யாருகிட்டயும் இல்ல.

காலேஜ் படிக்கிற டெய்லர் மவ, "அங்கிள், இதுக்கு இங்கிலீஷ்ல மல்டிப்ளிசிட்டின்னு பேரு"ன்னா. ஒண்ணு நிறையா இருக்கிற குணமாம். வெள்ளைக்காரன் அதுக்கும் ஒரு வார்த்தை வச்சிருக்கான். எங்க ஊர்க்காரன் அத்தனை பேருக்கும் ஒரே பேரை வச்சிருக்கான்.

அதனால ஐயா, இதை எந்த வாட்ஸ்அப் குரூப்புல படிச்சாலும் மாப்பிள்ளை வீட்டார் வாறதுக்கு முன்னால அந்த டெய்லர் கடைக்கு வந்து சேரும். உம்ம பச்சை ஜாக்கெட்டோட அங்கதான் நிக்கேன்.

பேரு சொல்ல வேண்டாம். ஜாக்கெட்டைக் காட்டினாப் போதும்.