ஐந்து லட்சத்துப் பத்தாயிரத்து ஐந்நூற்றுப் பத்து

எண்ணைக் கண்டால் வகுத்துப் பார்க்காமல் விடாதவர்கள் ஒரு தனி இனம். உங்களுக்கும் எனக்கும் எண் என்பது ஒரு முகவரி, ஒரு விலை, ஒரு மருந்தின் அளவு. இவர்களுக்கோ லாரியின் பின்பக்கம், சிலிண்டர் ரசீது, கல்யாணப் பத்திரிகையில் சம்பந்தியின் தொலைபேசி, எக்ஸ்ரே உறை, எதைக் காட்டினாலும் முதல் கேள்வி, "இது எதால் வகுபடும்?" எதாலும் வகுபடாவிட்டால் பகா எண். அன்று பாயசம் கேட்டாலும் கேட்பார்கள்.

ஹைதராபாத்தில் எங்கள் கொண்டாப்பூர் அடுக்ககத்தின் எதிர் வீட்டு ராஜகோபால் அப்படிப்பட்டவர். காஞ்சன்பாக் ராணுவ ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன வாரம் அவர் மனைவி கல்பகம் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு பூரியாக உப்பிவிட்டது. நர்ஸான நான் அட்டையை மடித்து வைத்துத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஆஸ்பத்திரி ஆப்பில் எலும்பு டாக்டரிடம் நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். மாலைக்கு ஒரே ஓர் இடம்தான் பாக்கி. அதை உறுதிசெய்ய ஓ.டி.பி. வந்தது: 510510.

மனிதர் எழுந்தே நின்றுவிட்டார்.

"சிஸ்டர்! ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, பதினொண்ணு, பதிமூணு, பதினேழு! முதல் ஏழு பகா எண்ணையும் பெருக்கினா இதுதான் வரும்!"

"சந்தோஷம் சார். அதைச் சீக்கிரம் போடுங்க."

"இதைவிடச் சின்ன எண் எதுக்கும் ஏழு வெவ்வேற பகாக் காரணி கிடையவே கிடையாது!"

"ஏன்னா, கை விண்ணு விண்ணுனு தெறிக்கறது. பெருக்கினது போறும்."

"ஒரே நிமிஷம் கல்பகம், பையனுக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பிடறேன்..."

அனுப்பினார். அதற்குள் ஓ.டி.பி. காலாவதி. புதிதாக ஒன்று வரவழைத்துப் போட்டால், இடமே போயிருந்தது. வகுக்கத் தெரியாத யாரோ பிடித்துவிட்டார்கள்.

அவசரப் பிரிவுக்கே போய்விடலாம் என்று கல்பகத்தைக் கீழே நடத்திவந்து ஆட்டோவில் ஏற்றி, நானும் ஏறிக்கொண்டேன். பின்னாலேயே ஓடிவந்தவர் ஏறினாரா? வண்டிக்கு முன்னால் போய் நம்பர் பலகையைப் பார்த்து நின்றார்.

"9409! தொண்ணூத்தேழோட வர்க்கம்!"

"நக்கோ சாப், பைட்டோ," வேண்டாம், ஏறி உட்காருங்கள் என்று கெஞ்சினார் ஆட்டோக்காரர்.

கல்பகத்துக்கு அந்தப் பொறுமை இல்லை. "சலோ பையா! அவர் இங்கேயே மீதியா நிக்கட்டும்."

வண்டி கிளம்பிவிட்டது.

சிரிக்காதீர்கள். நேர்மையாகச் சொல்லுங்கள்: கல்பகத்தின் கை என்ன ஆயிற்று என்று ஒரு கணமாவது யோசித்தீர்களா? இருமூன்று ஆறு, ஆறைந்து முப்பது என்று என் எண்ணைச் சரிபார்த்துக்கொண்டுதானே வந்தீர்கள்?

பெருக்கல் சரிதான். எலும்புதான் முறிந்திருந்தது.