போட்டோவில் இருந்த மூக்கு

கூச்சமுள்ளவன் எந்தக் கடைக்கும் போகலாம். வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் பிடிக்காத சட்டையை வாங்கி வந்தாலும் பெட்டியில் போட்டுவிடலாம். ஆஸ்பத்திரியில் வாங்கியதை முகத்திலேயே கொண்டு திரிய வேண்டும்.

என் மூக்கு பிறப்பிலேயே இடப்பக்கம் சாய்ந்தது. சம்பந்தம் பேசக் கொடுத்த போட்டோவில் மட்டும் நேராக இருந்தது. (புளியந்தீவு ஸ்டூடியோக்காரர் கொம்பியூட்டரில் செய்த தர்மம்.) பெண் பார்க்க வவுணதீவுக்குப் போனது அக்காவும் மச்சானும்தான், எனக்குக் கூச்சம். போட்டோவைப் பார்த்துப் பெண் வீட்டார் ஓம் என்றுவிட்டார்கள். மணவறையில் என் அசல் மூக்கைக் கண்டால் பெண் எழுந்து போய்விடுவாளோ என்று எனக்குப் பயம்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கையில், வாவியில் மச்சான் தோணி தள்ளிய கம்பு திரும்பி என் மூக்கில் விழுந்தது. எலும்பு முறிந்துவிட்டது. என்னைவிட மச்சான்தான் பலமாகக் கத்தினார்.

வீக்கம் வற்றியதும் மயக்கம் கொடுத்து எலும்பை நிமிர்த்தலாம் என்றார் டொக்டர் அம்மா.

"முந்தி எப்படி இருந்ததெண்டு பார்க்கணும். பழைய போட்டோ இருக்கா?"

அக்கா கைப்பையிலிருந்து அந்தப் போட்டோவையே எடுத்து நீட்டினாள்.

"இவ்வளவு நேராவா இருந்தது?"

"ஓம் டொக்டர், வாள் மாதிரி!" என்றாள் அக்கா.

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். (மூக்கில்தான் பஞ்சு, வாய் சும்மாதான் இருந்தது.)

கண் விழித்தபோது டொக்டர் வியர்த்திருந்தார். "மல்லுக்கட்டித்தான் வெச்சிருக்கன் தம்பி. அந்த எலும்புக்கு நேரா நிக்க மனமே இல்ல."

கட்டு அவிழ்த்தால், அச்சொட்டாகப் போட்டோ மூக்கு! வாழ்க்கையில் முதல்தடவையாகத் தலையை நிமிர்த்திக்கொண்டு மணவறையில் இருந்தேன்.

தாலி கட்டிப் பந்தியில் அமர்ந்ததும் அவள் மெல்லக் கேட்டாள்: "மூக்குக்கு என்ன நடந்த?"

"ஏன், போட்டோவில இருந்த மாதிரித்தானே இருக்கு?"

"போட்டோவ ஆரு நம்பின? நீங்க வேலை செய்யிற உரக்கடைக்கு அப்பாவோட யூரியா வாங்குற சாட்டில வந்து பார்த்துட்டுத்தான் ஓமெண்ட நான். குனிஞ்ச தலை நிமிராம பில் எழுதினீங்க. அந்தச் சாய்ஞ்ச மூக்கப் பார்க்கத்தான் ஆசையா இருந்துது."

நான் சோற்றுக் கையாலேயே மூக்கைத் தடவிப் பார்த்தேன்.

எங்கள் மகளுக்கு என் பழைய மூக்கு அப்படியே வந்திருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் மனைவி அவளை இழுத்து முன்னால் நிறுத்துவாள்.

"பாருங்க, நான் ஓமெண்ட மூக்கு இது. மணவறையில தந்தது வேற!"