கிளட்ச் பெடலில் குடியேறிய ஆவி

பாதஞானி வந்து கடை விரித்த மாதத்திலிருந்து அந்த நகரத்து ஆவிகளுக்கு வீட்டுப் பிரச்சினையே இல்லாமல் போயிற்று. அதுவரை பாழடைந்த பங்களா, பூட்டிக் கிடந்த தொழிற்சாலை என்று அலைந்துகொண்டிருந்த அத்தனை ஆவிகளும் ஒருமனதாகத் தீர்மானம் போட்டு, கார்களின் கிளட்ச் பெடலில் குடியேறிவிட்டன. ஏன் கிளட்ச்? பிரேக்குக்கு என்ன குறைச்சல்? ஆக்சிலரேட்டரில் ஏறினால் ஊரையாவது சுற்றிப் பார்க்கலாமே? இப்படியெல்லாம் கேட்கிறவர்களுக்குப் பாதஞானியின் கொட்டகையில் அனுமதி கிடையாது.

கொட்டகை என்றால், மூடிப்போன கார் கழுவும் கொட்டகை. விடிந்ததும் அதன் வாசலில் தொடங்கும் கார் வரிசை, பெட்ரோல் பங்க்கைச் சுற்றி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, மறுபடி கொட்டகை வாசலுக்கே வந்து சேரும். கடைசிக் கார்க்காரர் தான்தான் முதலில் வந்ததாக நினைத்துச் சண்டைக்குப் போன நாட்களும் உண்டு. டாக்டர் வந்தார். வங்கி மேலாளர் வந்தார். கல்லூரியில் இயற்பியல் நடத்தும் பேராசிரியரும் வந்தார். தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார், பாவம், அறிவியல் அடையாளம் கண்டுகொண்டால் என்ன ஆவது!

பரிசோதனை இதுதான். தரையைக் கூட்டும் நீளத்துக்குச் சாம்பல் நிற அங்கி போட்ட பாதஞானி ஓட்டுநர் இருக்கையில் அமர்வார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இடதுகாலின் விரல்களைத் தொட்டும் தொடாமலும் கிளட்ச் பெடல் மேல் வைப்பார். கார் உரிமையாளர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஞானியின் முழங்காலில் கை வைக்க வேண்டும். கண்ணைத் திறந்து பாதத்தைப் பார்த்தால் பார்வை போய்விடும். கொஞ்ச நேரத்தில் முழங்கால் கிடுகிடுவென்று நடுங்கும். "யாரு நீ? இந்தப் பெடல்ல உனக்கு என்ன வேலை?" என்று ஞானி அடித்தொண்டையில் அதட்டுவார். அவ்வளவுதான், கை வைத்தவருக்கு வேர்த்துக் கொட்டிவிடும்.

இந்தப் பரிசோதனையில் இதுவரை ஒரு கார்கூடத் தேறியதில்லை. இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாத புத்தம்புதுக் காரில், அது தயாரான தொழிற்சாலையின் காவலாளியுடைய ஆவி இருந்தது. சில்லறை ஆவி என்றால் பெடலில் ஒரு செப்பு வளையம் மாட்டிக்கொண்டு போகலாம். பெரிய ஆவி என்றால் வண்டியையே கைகழுவ வேண்டும். அதற்கும் அலைய வேண்டாம். வாசலிலேயே ஞானியின் மச்சான் இழுவை வண்டியோடு நிற்பான். பேய் பிடித்த காரை யார் வாங்குவார்கள்? இழுவை மச்சான் வாங்குவான். இரக்க குணம்! பழைய இரும்பு விலை கொடுத்து, கண்ணீரும் விட்டு, கொக்கியை மாட்டி இழுத்துக்கொண்டு போய்விடுவான்.

இந்த வரிசையில் வந்து மாட்டியவர்களில் ஒருவர்தான் ரிவர்ஸ் அக்காவின் கணவர்.

ரிவர்ஸ் அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். "முன்னால போறது கழுதைக்கும் தெரியும், பின்னால வரக் கத்துக்கோ" என்று முதல் நாளே ரிவர்ஸ் கியர் போடவைப்பதால் வந்த பெயர். அவளுடைய குரலுக்குப் பயந்து லாரிகளே ஒதுங்கும் என்பார்கள். ஒரே கார், ஒரே ஆள், அதுதான் அவளுடைய பயிற்சிப் பள்ளி. ஊருக்கே ஸ்டீயரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவளின் கணவருக்கு மட்டும் இன்றுவரை கார் ஓட்டத் தெரியாது. கார் அவர் பெயரில் இருந்தது என்பதுதான் வேடிக்கை. வேடிக்கை வினையானது அங்கேதான்.

ஒரு நாள் பயிற்சிக் காரின் கிளட்ச் பெடல் நடுங்கத் தொடங்கியது. கற்றுக்கொள்ள வந்த பல் டாக்டர் அலறிக்கொண்டு இறங்கினார். கணவர் மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், போனில் பெடலைப் படம் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினார். ஞானி அந்தப் படத்தின் மேல் பெருவிரலை வைத்தார். போன் நடுங்கியது. கணவரும் நடுங்கினார். நடுங்கிக்கொண்டே வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

"ஏம்மா, ரொம்பப் பெரிய ஆவியாம். இந்த வாரத்துக்குள்ள வண்டி வீட்டை விட்டுப் போகலேன்னா, வீட்டுப் பொம்பளைக்குக் கால் போயிருமாம். மச்சான்கிட்ட வாக்குக் கொடுத்துட்டேன். கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

"வண்டியை வித்துட்டு நான் என்னத்தை வச்சுச் சொல்லிக் கொடுக்கிறது? முறத்தையா?"

"உன் கால் முக்கியமில்லையா?"

"என் பொழப்பே அந்தக் கால்லதாங்க நிக்குது!"

அக்கா காரில் ஏறினாள். இன்ஜினைப் போடாமல் கிளட்ச்சை மிதித்தாள். நடுக்கம் இல்லை. இன்ஜினைப் போட்டு, காலை எடுத்துவிட்டு உட்கார்ந்தாள். நடுக்கம் இல்லை. ஓடும் இன்ஜினில் பெடலைப் பட்டும் படாமலும் அழுத்தினாள். கிர்ர்ரென்று நடுக்கம் பாதத்தில் ஏறியது, கூடவே உள்ளிருந்து ஒரு உறுமல்.

"இங்க பாருங்க. இன்ஜினை அணைச்சா உங்க ஆவி தூங்கிருது. காலை எடுத்தா ஓய்வெடுக்குது. லேசா மிதிச்சா மட்டும்தான் எந்திரிக்குது. இவ்வளவு ஒழுங்கா வேலை பாக்கறது ஆவி இல்லீங்க, ரிலீஸ் பேரிங். கிளட்ச்சைத் தள்ளிவிடற உருளை. அது தேஞ்சுபோச்சு."

மெக்கானிக் கியர் பாக்ஸை இறக்கிப் பார்த்தார். எண்ணெய்ப் பசை வற்றி, சுற்றினால் மணலை மெல்லுவதுபோல் நறநறத்தது பேரிங். புதியது மாட்டியதும் பெடல் தூங்கும் குழந்தை மாதிரி ஆகிவிட்டது. பழையதைக் கணவரின் உள்ளங்கையில் வைத்தாள் அக்கா.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "பேரிங்கை மாத்திட்ட. சரி. ஆவியை மாத்தினியா?"

அக்காவுக்கு அந்தப் பேரிங்கை அவர் தலையிலேயே எறியலாமா என்று தோன்றியது. ஆனால் கையெழுத்து அவருடையது. கோபத்தை விழுங்கிக்கொண்டு கேட்டாள். "ஐயாவே வந்து இந்த வண்டியில கால் வைக்கட்டும். ஆவி இல்லேன்னு சொல்லிட்டா?"

"வண்டி உனக்கு."

"இருக்குன்னு சொன்னா?"

"அங்கேயே கையெழுத்துப் போட்டுருவேன். அப்புறம் நீ வாயைத் திறக்கக் கூடாது."

"சரி. பேரிங் மாத்தினதை மட்டும் நீங்க அங்க சொல்லாதீங்க. அவ்வளவு பெரிய ஞானி, அவராவே கண்டுபிடிக்கட்டும்."

மறுநாள் காலை, கூரையில் இருந்த பயிற்சிப் பள்ளிப் பலகையைக் கழற்றிவிட்டு அக்கா காரைக் கொட்டகைக்கு ஓட்டிப் போனாள். வழக்கம்போல் திருவிழாக் கூட்டம். ஞானி ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். அக்கா பக்கத்து இருக்கையில் ஏறி, காலடியில் தன் பெரிய துணிப்பையைப் பரப்பி வைத்துக்கொண்டாள். பின் இருக்கையில் கணவர், சட்டைப்பையில் விற்பனைப் பத்திரம். ஜன்னல்களைச் சுற்றித் தலைகள் முளைத்தன, பார்வை போய்விடுமோ என்று எல்லாம் கண்ணை இறுக மூடிக்கொண்டு.

துணிப்பைக்கு ஒரு காரணம் இருந்தது. பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் திணறினால் இவர் மிதிப்பார். அவருடைய பெடலும் கூடவே தரைக்கு இறங்கும். முக்காலமும் உணர்ந்த பாதஞானிக்கு, பக்கத்து இருக்கையின் கீழ் இருந்த பெடல் தெரியவில்லை.

"கண்ணை மூடு தாயே. கையை முழங்கால்ல வை."

வைத்தாள். முழங்கால் நடுங்கியது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல நடுக்கம். பின்னால் கணவரின் பற்கள் தாளம் போடுவது கேட்டது.

"ஆஹா! என்ன ஆங்காரம்! என்ன துடிப்பு! யாரு நீ?" என்று ஞானி உறுமினார்.

"ஐயா, ஒரு சந்தேகம்" என்றாள் அக்கா, ரொம்பப் பணிவாக. "அதிர்றது பெடலுங்களா, உங்க காலுங்களா?"

"பெடல்தான் தாயே! அது ஆடுது, அதனால என் கால் ஆடுது. என் கால் வெறும் தூதன்."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா? பெடல் ஆடுதாம்!" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னவள், கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் அடங்கியது.

இன்ஜின் அடங்கிய அமைதியில், அங்கிக்குள்ளிருந்து 'உய்ங்ங்ங்' என்று ஒரு சத்தம் கேட்டது.

அடுத்த நொடி அக்கா துணிப்பையைத் தள்ளிவிட்டுத் தன் பக்கத்துப் பெடலை ஓங்கி மிதித்தாள். ஞானியின் காலடியில் இருந்த கிளட்ச் சட்டென்று தரைக்குப் போய்விட்டது.

"கண்ணைத் திறங்கய்யா எல்லாரும்!" அந்தக் குரலுக்குக் கண் திறக்காதவன் செத்தவன்தான். தெருமுனையில் தூங்கிக்கொண்டிருந்த நாய்கூட எழுந்து உட்கார்ந்தது. கூட்டம் பார்த்தது. பெடல் கீழே கிடந்தது. ஞானியின் கால் விரல்கள் அந்தரத்தில், எதையும் தொடாமல், கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தன.

"பெடல் கீழ போயிருச்சு ஐயா. ஆவி மேலயே நிக்குதே, ஏன்? பஸ்ஸைத் தவறவிட்டுருச்சா?"

பதறிப்போன ஞானி இடுப்பில் எதையோ தடவி அமுக்கினார். அவசரத்தில் பொத்தான் தவறிவிட்டது. நடுக்கம் நிற்பதற்குப் பதிலாக மூன்றாம் வேகத்துக்குத் தாவியது. அங்கி ஆடியது, தாடி ஆடியது, கார் ஆடியது, கொட்டகையின் தகரக் கூரையே ஆடியதாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். வார் அறுந்து, அங்கிக்குள்ளிருந்து ஒரு கறுப்பு இயந்திரம் விழுந்து, காரின் கால்மிதி மேல் தவளைபோல் குதித்தது.

பேராசிரியர் தொப்பியைத் தூக்கிப் பார்த்தார். "அட, மூட்டுவலிக்குக் கால்ல கட்டிக்கிற மசாஜ் மிஷின்! எங்க அம்மாவுக்கும் இதேதான் வாங்கிக் கொடுத்தேன்!"

"வாங்கிக் கொடுத்தீங்கல்ல? அப்புறம் முழங்கால்ல கை வச்சப்ப எங்கய்யா போச்சு உங்க படிப்பு?" என்றாள் அக்கா.

அவர் தொப்பியை மறுபடி இறக்கிக்கொண்டார்.

வாசலில் இழுவை வண்டி உறுமியது. மச்சான் நழுவப் பார்த்தான். ஆனால் வரிசைதான் கொட்டகையைச் சுற்றி வளைத்து நின்றதே, எந்தப் பக்கம் போவான்? அவன் வண்டியில் கிடந்த சாவியை எடுத்து, கொட்டகையின் பின்புறக் கிடங்கைத் திறந்தார்கள். பேய் பிடித்த கார்கள் எல்லாம் குளித்து, மினுமினுத்து, அணிவகுத்து நின்றன. எந்தப் பெடலும் நடுங்கவில்லை. ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒரு அட்டை: 'ஒரே குடும்பம் ஓட்டியது, ராசியான வண்டி.' விலை மட்டும் ஆவியே மயங்கி விழும் விலை. வங்கி மேலாளர் தன் காரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். ஞானி ஓட முயன்று, தன் அங்கியைத் தானே மிதித்து விழுந்தார். பிறகு அவருக்குக் கிடைத்த மசாஜுக்கு இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. போலீஸ் வந்துதான் காப்பாற்றியது.

ரிவர்ஸ் அக்காவின் கணவர் விற்பனைப் பத்திரத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். சத்தமில்லாமல் நான்காகக் கிழித்தார். அக்கா காரை வெளியே எடுத்தாள், ரிவர்ஸில்தான். சிக்னலில் நிற்கும்போது கணவர் தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா, இவன் போலி. ஒத்துக்கறேன். அப்ப உண்மையான பாதஞானி எங்க இருக்காரு?"

பச்சை விளக்கு விழுந்தும் அக்கா வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன்கள் கத்தின. அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க கழுத்துக்கு மேலதாங்க இருக்காரு. வாங்கின நாள்லேருந்து ஸ்டார்ட் பண்ணாம நிறுத்தி வச்சிருக்கீங்க. ஒரு தடவை சாவியைத் திருப்பிப் பாருங்க."